மீளும் கணம்

1991இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டை, அக்கா மகனோடு சென்ற வாரம்தான் முதன்முதலாக ஆடினேன். பதினொரு ஆட்டங்கள் தோற்றபின் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: “பட்டனை இன்னும் வேகமா அழுத்தணுமாடா?”

“இல்ல மாமா, அழுத்துறதை நிறுத்துங்க” என்றான்.

ஒவ்வோர் அடிக்கும் மூன்று நிலைகள் உண்டாம்: ஓங்குவது, படுவது, மீள்வது. நொடிக்கு ஏறத்தாழ 60 படச்சட்டங்கள் என்ற கணக்கில் இவை நகர்கின்றன. நான் ஆடிய ரியூ, ‘ஷோர்யுகென்’ என்று முஷ்டியுயர்த்தி எழும்புகையில் அடி தவறினால், தரை சேரும்வரை அவனால் தடுக்கவும் இயலாது. எதிராளி காத்திருப்பது அதற்காகத்தான். ஆகவே புதியவன் கற்கவேண்டிய முதல் வித்தை தாக்குதல் அன்று. ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்துத் தடுத்து நிற்பது.

சென்ற ஆண்டு அக்காவிடம் கோபத்தில் ஒரு சொல்லை வீசினேன். அதிலிருந்து மீள எட்டு மாதங்கள் ஆயின. அதுவரை இந்தப் பையனையும் நான் பார்க்கவில்லை. அவனுக்கு அது தெரியுமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பன்னிரண்டாம் ஆட்டத்தில் பொறுமையாகத் தடுத்தேன். தோற்றேன்தான். ஆனால் கடைசிச் சுற்றில், 99இலிருந்து இறங்கும் கடிகாரம் சுழியைத் தொடும்வரை வீழாமல் நின்றிருந்தேன்.

“இப்பதான் மாமா ஆடுறீங்க” என்றான்.