உளிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

மழை விட்ட ஞாயிறு. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் வீட்டுத் தாழ்வாரத்தையே பட்டறையாக்கிக்கொண்டவர் சாக்கைப் பிரிக்கிறார். உளிகள் எல்லாம் துரு.

முதல் வேலை தீட்டுவது அல்ல, முதுகைச் சமமாக்குவது. கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை ஒட்டி, அதில் உளியின் முதுகைத் தேய்க்கிறார். முதுகு மேடுபள்ளமாக இருந்தால் வாயை எவ்வளவு தீட்டினாலும் கூர் ஏறாது. அப்புறம்தான் சாணைக்கல். சாய்வு சுமார் 25 டிகிரி. கொட்டாப்புளி அடி வாங்கும் உளிக்கு 30. அவசரப்பட்டு கிரைண்டரில் அழுத்தினால் நுனி நீலம் பாய்ந்து, எஃகின் கடினம் போய்விடும்.

இழைப்புளியைக் கவிழ்த்து, அடியில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பார்க்கிறார். நடுவில் கீற்று தெரிந்தால் அடி குழிந்திருக்கிறது.

இதே மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் அங்கே சுவாமி சிலைகள் உருவாகின்றன. மொக்கை உளி நாரைப் பிய்க்கும். சிலையின் மூக்கு நுனியில் ஒரு சிராய் பெயர்ந்தால் போதும், பல நாள் உழைப்பு பாழ்.

கடைசியாக, வேப்பங்கட்டையின் வெட்டுமுகத்தில் உளியை ஓட்டுகிறார். தூளாக உதிரவில்லை, மெல்லிய சுருளாக வருகிறது. தேங்காயெண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, மறுபடி சாக்குக்குள்.