காரைக்குடி, ரங்கூன்: சில குறிப்புகள்

கவுனி அரிசியை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும். காலையில் தண்ணீர் நாவற்பழச் சாறு மாதிரி இருந்தது. ஆச்சி அதைக் கீழே ஊற்றவில்லை. அந்தத் தண்ணீரிலேயே வேகவிட்டார்.

"சாயமெல்லாம் அதுலதான இருக்கு தம்பி."

குழைய வெந்ததும் சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய். வேறு ஒன்றும் கிடையாது. பல்லில் தவிட்டுத்தோல் லேசாக நெருடுகிறது. அந்த நெருடல் இருந்தால்தான் கவுனி.

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் கவுனி உண்டு. கேட்டால், "ஐயா காலத்துல பர்மாவுலேருந்து வந்தது" என்கிறார்கள். அதற்கு மேல் யாரும் விளக்குவதில்லை.

பர்மாவில் இதே கறுப்பு ஒட்டரிசி காலைத் தெருக்கடைப் பலகாரம். ஆவியில் வேகவைத்து, அவித்த பட்டாணி, எள்ளும் உப்பும் சேர்த்து இடித்த பொடி, தேங்காய்த் துருவல். வேலைக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

அங்கே உப்பு. இங்கே சர்க்கரை.

செட்டிநாட்டு வெள்ளைப்பணியாரத்துக்கு அளவு: ஒரு உழக்கு பச்சரிசி, தலைதட்டி. அதே உழக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். சரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்தக் கோபுரம்தான் உளுந்தின் அளவு.

தராசு வேண்டாம், கிராம் வேண்டாம். நான் பார்த்த சமையல் அளவுகளில் இதைவிட அழகானது இல்லை.

செட்டிநாட்டில் ஒரே வீடு, பல அடுப்பு. கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' வழக்கம். வளவில் ஓர் அறை, தனிச் சமையல். ஒரு தம்பதி ஒரு புள்ளி. கூரை ஒன்று, உலை தனித்தனி.

தூண்கள் பர்மாத் தேக்கு. அணைத்துப் பார்த்தேன், கை எட்டவில்லை.

பர்மாவுக்கு லேவாதேவி ஏஜெண்டாகப் போன செட்டியார்களுக்கு மூன்று வருடக் கணக்கு. மூன்று வருடம் கழித்துத்தான் ஊர். அதுவரை வீடு பெண்கள் கையில். வற்றல், வடகம், ஊறுகாய். மழை குறைந்த பூமி, வெயிலுக்குப் பஞ்சமில்லை.

ரங்கூனில் அவர்கள் இருந்த தெரு மொகல் தெரு. தரையில் பாய், முன்னால் பெட்டகம், அதற்குள் கணக்கு. தொழிலும் தூக்கமும் ஒரே இடத்தில்.

1852இல் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் சதுப்புக் காடுகள் வயலாயின. காட்டை வெட்டியது பர்மிய உழவன். கடன் கொடுத்தது பெரும்பாலும் செட்டியார்.

1930இல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை. நிலம் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்கள் பேரில்.

கவுனியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும். நெய் வாசனையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

1942 மார்ச். ரங்கூன் ஜப்பானியர் வசம். ரங்கூன் அரிசி வரத்து நின்றது. பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே போய்விட்டார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பழம்பொருள் கடைகள். பித்தளைக் குண்டான், எனாமல் தூக்கு, பர்மா அரக்குப் பூசிய மரவை. புரட்டிப் பார்த்தால் விளிம்பில் எழுத்து வெட்டியிருக்கிறது. விலாசம். பாத்திரம் இருந்த வீட்டாரின் பெயர்களின் முதலெழுத்துகள்.

பாத்திரம் கடையில். எழுத்து இன்னும் அதிலேயே.

சென்னை. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார், 1969லிருந்து. அதற்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் தெரு. சாயங்காலம் பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் வண்டிகள்.

1962இல் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஓரிரு வருடத்தில் கடைகளெல்லாம் அரசுடைமை. 1964லிருந்து அங்கிருந்த தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். இவர்களில் பெரும்பாலோர் லேவாதேவிக்காரர்கள் அல்ல. கூலிகள், சின்னக் கடைக்காரர்கள், அங்கேயே பிறந்தவர்கள்.

அத்தோ போடுகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிண்ணத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ். மெல்லிசாக வெட்டிய கோஸ், பச்சை வெங்காயம். பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், இடித்த மிளகாய், எலுமிச்சை. பேஜோ என்கிற பொரித்த தட்டையை உள்ளங்கையில் நொறுக்கித் தூவுகிறார். பிறகு கையாலேயே பிசைகிறார். அழுத்தாமல், தூக்கித் தூக்கி.

கரண்டியால் கிளறினால் இது வராது.

"காரம் தூக்கலா போடவா அண்ணே?"

தூக்கலாகவே கேட்டேன்.

அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் திணித்து ஒரு கிண்ணத்தில். ஒரே வாய்.

கூடவே வாழைத்தண்டு சூப். பர்மாவில் மொஹிங்கா என்றால் மீன் குழம்பு, அதில் வாழைத்தண்டு. இந்த வண்டியில் மீன் இல்லை. தண்டு இருக்கிறது.

காரைக்குடியில் நான் உட்கார்ந்த பந்திகளில் அத்தோ பார்த்ததில்லை. செகண்ட் லைன் பீச்சில் கவுனி பார்த்ததில்லை.

பருப்பு மண்டி. மூட்டை மூட்டையாக உளுந்து.

"எந்த ஊர் சரக்கு?"

"பர்மா."

இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு மியான்மரிலிருந்து. அங்கே அதை அதிகம் சாப்பிடுவதில்லை. நமக்காகவே விளைகிறது. கீழ்ப் பர்மாவில், மழைக்கால நெல்லை அறுத்த வயலில், மிச்ச ஈரத்தில்.

தஞ்சாவூர்ப் பக்கமும் நெல் தரிசில் உளுந்துதான். அறுப்புக்குச் சில நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுவார்கள்.

மோரே. மணிப்பூரின் எல்லை. அறுபதுகளில் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தவர்களில் சிலருக்கு ஊர் ஒட்டவில்லை. தரைவழியாக மறுபடி பர்மாவுக்கே கிளம்பினார்கள். எல்லையில் மறித்தார்கள். அப்படியே மோரேயில் தங்கிவிட்டார்கள்.

அங்காளபரமேஸ்வரி கோவில் கட்டினார்கள். இட்லிக் கடை போட்டார்கள்.

எந்த ஊரை நினைத்து நடந்தார்கள்? பிறந்த ஊர் அந்தப் பக்கம். அப்பன் பிறந்த ஊர் இந்தப் பக்கம்.

ரங்கூனை இப்போது யாங்கோன் என்கிறார்கள். தெருவோரம் தோசை. அவர்கள் வாயில் 'தோஷே'. அவித்த பட்டாணி, தக்காளி தூவி ஒரு வகை. வெல்லமும் தேங்காய்த் துருவலும் வைத்து மடித்து இன்னொரு வகை.

தமிழே தெரியாத பர்மிய இளைஞன் ஊற்றுகிறான். ஓரம் நல்ல முறுகல். சட்னி கேட்காமல் இனிப்புத் தோசையே சாப்பிட்டேன். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.