கொதித்து நின்ற வண்டி

“ஜப்பானியத் தொழில்நுட்பம் ஏமாற்றாது, நம் நாட்டு வண்டியை நம்ப இயலாது” என்று நானும் பாளையங்கோட்டையில் பேசித் திரிந்தவன்தான். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டே இங்கு அம்பாசடராயிற்று என்பதையும், அது 2014 வரை உற்பத்தியானதையும் பின்னரே எண்ணிப் பார்த்தேன்.

2003, சித்திரை வெயில். நோயில் பூசுதலுக்கு விரைகையில் பங்கின் அம்பாசடர் வழியில் கொதித்து நின்றது. அழைத்துவந்த மெக்கானிக் சூடு தணியக் காத்திருந்து ரேடியேட்டரைத் திறந்தார்.

“சாமி, கடைசியா எப்ப தண்ணி பார்த்தீங்க?”

நினைவில்லை. விசிறி பெல்ட்டும் தளர்ந்திருந்தது. காலையில் இரண்டு நிமிட வேலை. அதே வயதுடைய தம் அம்பாசடரை அவர் நாள்தோறும் வாடகைக்கு ஓட்டிவந்தார்.

நான் போய்ச் சேருமுன் பாட்டியின் கண்களை மூடிவிட்டிருந்தார்கள். “என்ன செய்ய சாமி, வண்டி பழசு” என்றார் மகன். நான் மறுத்துச் சொல்லவில்லை.