மழைக் காலத்தில் கூலாய்ப் பயணமா?

ஆண்டு இறுதியில் கூலாய்க்கு உறவினர் வீடு செல்கிறீர்களா? நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை நீடிக்கும். கம்பளிச் சட்டை வேண்டாம்; மழையிலும் இங்கே புழுக்கந்தான். சீக்கிரம் உலரும் மெல்லிய துணிகள், குடை, ரப்பர் சிலிப்பர் போதும். தோல் சப்பாத்து நனைந்தால் காய நாளாகும்.

முக்கியமானது இனித்தான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் மாநிலத்தில் பெருவெள்ளம் வந்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்த அவசரத்தில் பெட்டியைத் தேட முடியுமா? ஆகவே அடையாளக் கார்டு, பெரியவர்களின் மருந்து, கொஞ்சம் பணம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் கைப்பையில் வையுங்கள். பட்டுப்புடவை நனைந்தால் உலர்த்தலாம். பாட்டியின் மாத்திரை கரைந்தால் என்ன செய்வீர்கள்?