போகாத நாள் உண்டா?

வெதுருகுப்பம் என்னும் ஊர்ப்பெயரில் உள்ள ‘வெதுரு’ மூங்கிலைக் குறிக்கும் தெலுங்குச் சொல். பழந்தமிழின் ‘வெதிர்’ அதற்கு உறவு. ‘குப்பம்’ என்றதும் சென்னையில் மீனவர் குடியிருப்பு நினைவுக்கு வரும். சித்தூர் மாவட்டத்திலோ அது வெறும் சிற்றூர். கடல் அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஏரியையும் கிணற்றையும் மட்டுமே அறிந்த அந்தப் பகுதியின் ஆசிரியர் குடும்பம் ஒன்று, சங்கராந்தி விடுமுறையில் அந்தமான் செல்லத் தீர்மானித்தது. கணவன், மனைவி, பதின்மூன்று வயது மகள், ஏழு வயது மகன், இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்ளும் பாட்டி என ஐவர். பவளப்பாறைகளுக்கிடையே நீந்தும் கோமாளி மீனை நேரில் காணவேண்டும் என்பது சிறுவனின் ஆசை.

அதற்கு வழி ஸ்நார்க்கெலிங். முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, நீரின் மேற்பரப்பில் குப்புற மிதந்தபடி கீழே பார்ப்பது. ஆழத்தில் மூழ்கும் ஸ்கூபாவுக்கு வேண்டிய பயிற்சி இதற்குத் தேவையில்லை என்பதால் எல்லோரும் எளிதென்று எண்ணுகிறார்கள். அந்தமானில் இதற்குப் பெயர்பெற்ற இடங்கள் பல. போர்ட் பிளேருக்கு, அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் நகருக்கு, எதிரே வடக்கு விரிகுடா. 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் ஜாலி பாய் தீவு. 2018-இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாறிய ஹேவ்லாக்கில் யானைக் கடற்கரை. ஒவ்வோர் இடத்துக்கும் அழைத்துச் செல்ல முகவர்கள் இருந்தார்கள். அனைவருடைய விளம்பரத்திலும் ‘குடும்பத்துக்கு ஏற்றது’ என்ற சொற்றொடர் தவறாமல் இருந்தது.

“குடும்பம்னா இவங்க யாரைச் சொல்றாங்க?” என்று மனைவி கேட்டார். கேள்வி சிறியது, ஆனால் தேர்வின் அடிப்படையையே அது மாற்றியது. கணவர் சிறு வயதில் முதுகில் காலி கேனைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர். அவரை அளவுகோலாகக் கொண்டால் எந்தப் படகும் ஏற்றதுதான். பாட்டியையும் சிறுவனையும் அளவுகோலாகக் கொண்டால் பட்டியல் சட்டென்று சுருங்கும். குடும்பத்துக்கு ஏற்ற படகு என்பது அக்குடும்பத்தின் மிக வலுவற்ற உறுப்பினருக்கு ஏற்ற படகு. வேறு பொருள் அச்சொல்லுக்கு இருக்க முடியாது.

இந்தக் கவனம் மிகையானதன்று. 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேருக்கு அருகே சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 21 பேர் இறந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சென்றவர்கள். ஏற்றத்தக்க அளவைவிட அதிகமானோர் அப்படகில் இருந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 உயிர்களைப் பறித்த படகு, சுற்றுலாவுக்கென மாற்றியமைக்கப்பட்ட மீன்பிடிப் படகு. அதிலும் அளவுக்கு மீறிய கூட்டம். இறந்தவர்களில் பலர் குழந்தைகள். இவ்விரு படகுகளிலும் ஏறியவர்கள் துணிச்சல்காரர்கள் அல்லர்; விடுமுறைக்கு வந்த குடும்பத்தினர். பணம் கட்டியாயிற்று, கூட வந்தவர்கள் ஏறிவிட்டார்கள், இனி எப்படி மறுப்பது என்ற தயக்கம் படகுத்துறையில் எவரையும் பற்றக்கூடியதே. ஆகவே மறுக்கும் உரிமையைப் பணம் கட்டுமுன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மனைவி தொலைபேசியில் ஐந்து கேள்விகள் கேட்டார். உரிமத்தின்படி படகில் எத்தனை பேர், உண்மையில் ஏற்றுவது எத்தனை பேர்? குழந்தையின் எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட் உண்டா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? நீரில் இறங்காதவர் எங்கே உட்கார்ந்திருப்பார்? காற்று மிகுந்தால் படகு போகாத நாள் உண்டா?

முதல் முகவர் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் பெருமையுடன் சொன்னார்: “எங்க படகு ஒரு நாள் கூட நின்னதில்லை, மேடம்.” இரண்டாமவரின் பக்கத்தில் பாராட்டுகளுக்கு நடுவே ஒற்றை நட்சத்திரத்துடன் ஒரு வசைக்குறிப்பு இருந்தது. வானம் தெளிவாக இருந்தும் காற்று என்று காரணம் காட்டிப் பயணத்தை நிறுத்திவிட்டார்கள், பணம் திரும்ப வந்தாலும் ஒரு நாள் வீணாயிற்று என்பது அதன் சாரம். அந்த வசையே அவரைத் தேர்ந்தெடுக்கக் காரணமாயிற்று.

ஆய்வுமுறையியல் பயில்வோர் இதை உடனே அறிந்துகொள்வர். நட்சத்திர மதிப்பீடு என்பது கூறெடுப்புச் சாய்வு கொண்ட தரவு. ஆபத்தான நாளில் படகைச் செலுத்தியவர், தற்செயலாக விபத்து நேராதபோது, ஐந்து நட்சத்திரம் பெறுகிறார். எச்சரிக்கையால் நிறுத்தியவர் ஒன்று பெறுகிறார். நேராமல் தடுக்கப்பட்ட விபத்துக்கு எந்தப் பட்டியலிலும் பதிவு கிடையாது. எனவே பாராட்டுகளைக் கூட்டிப் பார்ப்பதைவிட, வசைகள் எதைக் குறித்தவை என்று படிப்பது பயனுள்ளது.

யானைக் கடற்கரைக்குக் காலையில் சென்றார்கள். வழிகாட்டி முதலில் இடுப்பளவு நீரில் நிறுத்திப் பழக்கினார். முகமூடியை வாரின்றி முகத்தில் பொருத்தி மூக்கால் மெல்ல இழுத்தால் அது ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் அளவு சரியில்லை. கணவரின் அடர்ந்த மீசை வழியே நீர் கசிந்தது; வாசலினைத் தடவி ஓரளவு சமாளித்தார்கள். சிறுவனின் லைஃப் ஜாக்கெட்டில் கால்களுக்கிடையே கட்டும் பட்டை இருந்தது. அது இல்லையேல் நீரில் ஜாக்கெட் மேலேறும், குழந்தை கீழிறங்கும். பவளத்தின்மேல் நிற்கக்கூடாது, தொடக்கூடாது என்றும் சொல்லப்பட்டது. பாறைபோல் தோன்றினாலும் அது உயிர்க்கூட்டம். 2010-இல் கடல்நீர் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. மிஞ்சியதை மிதிக்காமல் விடுவது வருகிறவர்களின் கடமை. வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட உடலை ஒட்டிய முழுக்கைச் சட்டையே நல்லது என்றார் வழிகாட்டி. சில களிம்புகள் பவளத்துக்குத் தீங்கு என்பதால் ஹவாய் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடைசெய்துள்ளது.

மகள் பத்தே நிமிடத்தில் பழகிக்கொண்டாள். சிறுவனால் முடியவில்லை. “நைனா, மூக்கால மூச்சு விட முடியல” என்று முகமூடியைப் பிடுங்கி எறிந்தான். அடுத்த குழு காத்திருந்தது. தந்தையின் முகத்தில் எரிச்சல் தெரிந்தது. இத்தனை தூரம் வந்தது யாருக்காக? வழிகாட்டி வற்புறுத்தவில்லை, “அவ்வாகூடக் கண்ணாடிப் படகில போகட்டும் சார்” என்றார். அடிப்பகுதியில் கண்ணாடி பதித்த அப்படகில் பாட்டியின் மடியருகே குனிந்து அமர்ந்த சிறுவன், பவளங்களுக்கிடையே வரிவரியான மீன்கள் திரும்பிச் செல்வதைக் கண்டான். கோமாளி மீன் தென்படவில்லை. பாட்டியோ, ஏரி வற்றும்போது சேற்றில் துடிக்கும் கெண்டையைத் தவிர வேறு மீனை உயிருடன் கண்டதில்லை என்று சொல்லிக்கொண்டே, கரை சேரும்வரை கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடலோரத்தில் பிறந்தவர்களுக்குக் காற்றின் குணம் பழக்கத்தால் தெரியும். உள்நாட்டிலிருந்து செல்பவர்களுக்கு அந்த அறிவு இல்லை; கேள்வி ஒன்றுதான் அவர்களிடம் உள்ள கருவி. விலை, உணவு, புகைப்படம் ஆகியவற்றைப் பற்றிப் பிறகு கேட்கலாம். போகாத நாள் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். உண்டு என்று தயங்காமல் சொல்பவரின் படகில் குழந்தையை ஏற்றலாம்.