பாக்கி நின்ற நேர்த்திக்கடன்

2020ஆம் ஆண்டின் சித்திரைத் திருவிழாவை மதுரை மக்கள் எளிதில் மறக்க இயலாது. மே 4 அன்று அன்னை மீனாட்சியின் திருக்கல்யாணம், பட்டர்கள் சிலர் மட்டும் சூழ்ந்திருக்க, அடைத்த கோயிலுக்குள் நடந்தேறியது. நான் கைப்பேசியின் சிறு திரையில் அதைக் கண்டு கைகூப்பி, வீட்டிலேயே மங்கலக் கயிறு மாற்றிக்கொண்டேன். கள்ளழகர் அவ்வாண்டு வைகைக்கு எழுந்தருளவில்லை. என் மாமியாருக்கு அப்போது எழுபத்தாறு வயது. "நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து அழகரப் பாக்காத வருசம் இதுதான்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதை நான் அறிய ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின.

ஜூன் மாதம் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்த சிறு வருவாய் ஊரடங்கில் நின்றுபோயிருந்தது. முதியோர் வாழ்வைப் பற்றி ஆராயும் ஒரு நிறுவனம், முன்பே வீடு வீடாகச் சென்று பல மாவட்டங்களில் முதியவர்களைச் சந்தித்துத் தகவல் திரட்டியிருந்தது. கொரோனா காலத்தில் நேரில் செல்ல வழியில்லாததால், அதே வீடுகளைத் தொலைபேசியில் அழைத்து, இந்நோய்க்காலம் அவர்களை எவ்வாறு பாதித்திருக்கிறது என்று கேட்க வேண்டும். பொறுமையாகத் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் தேவை என்றார்கள். பொறுமை எனக்கு உண்டு என்று அப்போது நம்பியிருந்தேன்.

அரசின் நோய் எச்சரிக்கை அறிவிப்பு முழுவதும் ஓடி முடிந்த பிறகே மறுமுனையில் மணி அடிக்கும். எடுப்பவர் பெரும்பாலும் மகனோ மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோதான். பெரியவரிடம் பேச வேண்டும் என்றால், "எதுக்கு? ஆதார் நம்பர் கேப்பீங்களா? ஓடிபி கேப்பீங்களா?" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏமாற்றுக்காரர்களின் அழைப்புகள் மலிந்திருந்த காலம் அது. யார், எதற்காக என்று விளக்கி, விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றும் தெரிவித்து, சம்மதம் பெற்ற பிறகே தொடங்க வேண்டும்.

முதற்கேள்வி, ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் எத்தனை பேர் என்பது. அதன்பின் ரேஷன் கடையில் கொடுத்த ரூ.1,000 வந்ததா, முதியோர் உதவித்தொகை தடையின்றிக் கிடைக்கிறதா, எந்த நாளாவது ஒரு வேளை உணவைக் குறைத்துக்கொண்டீர்களா, மருந்து வாங்க முடிந்ததா என்று தொடரும். இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு நாளைக் கடத்துவதாகச் சொன்னவர்கள் பலர். அதை ஒரு சாமர்த்தியம் போலவே சொன்னார்கள்.

சிலர் எதைக் கேட்டாலும், "எனக்கு ஒரு கொறயும் இல்லம்மா, எம்புள்ள ராசா மாதிரி வச்சிருக்கான்" என்பார்கள். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அந்த ராசா பக்கத்தில் நிற்கிறார் என்பது சில நாட்களில் எனக்குப் புரிந்தது. பிறகு, சற்றுத் தள்ளிப் போய்ப் பேச முடியுமா என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். திண்ணைக்கு வந்ததும் குரல் வேறாகிவிடும்.

எந்தக் கேள்வியைக் கேட்டாலும் அவர்களுடைய பதில் எப்படியோ கோயிலைத் தொட்டுவிடும். "எப்பம்மா கோயிலத் தொறப்பாங்க?" என்று என்னையே திரும்பக் கேட்டவர்கள் எண்ணற்றோர். பிரதோஷம் போயிற்று, கிருத்திகை போயிற்று என்று கணக்குச் சொன்னார்கள். ஒரு பெரியவர், நாள்தோறும் மாலையில் கோயில் மண்டபத்தில் கூடும் நால்வரில் ஒருவர் இறந்த செய்தியே தமக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது என்றார். ரூபாய்க்கும் மாத்திரைக்கும் படிவத்தில் கட்டம் இருந்தது, கோயிலுக்கு இல்லை. அது படிவம் எழுதியவர்களின் குற்றமும் அன்று. எல்லாவற்றையும் கேட்டால் பேச்சு முடியாது. முக்கால் மணி நேரத்துக்குமேல் முதியவர்களால் தொலைபேசியைக் காதில் வைத்திருக்கவும் இயலாது.

காவிரிக் கரையில் ஓர் ஊர். பெயர் சொல்ல மாட்டேன். சொல்வதில்லை என்பது நாங்கள் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. அங்கே ஓர் அம்மாள், மகன் வீட்டை ஒட்டிய சாய்ப்பில் தனியே சமைத்து உண்டு வந்தார். ஆகவே எங்கள் கணக்கின்படி அவர் ஒருவரே ஒரு குடும்பம். அன்று நான் முடிக்க வேண்டிய அழைப்புகளில் மூன்று மீதமிருந்தன. கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாள் தனிமையாக உணர்ந்தீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்தார்.

"அத எப்படித் தாயே எண்ணிச் சொல்றது?"

"ஒரு நாளும் இல்லையா, ஒன்றிரண்டு நாளா, மூன்று நான்கா, ஐந்திலிருந்து ஏழு நாளா? அப்படிச் சொன்னால் போதும் அம்மா."

"ஏழுன்னே போட்டுக்க. ஏந்தாயே, ஒரு நேர்த்திக்கடன் பாக்கி நிக்குது. அத நெனச்சாத்தான் ராத்திரி தூக்கம் வரல. கோயிலும் பூட்டிக் கெடக்கு. நானும் இன்னிக்கோ நாளைக்கோன்னு..."

"அடுத்த கேள்விக்குப் போகலாமா அம்மா?" என்றேன்.

"போ தாயே" என்றார்.

மீதிக் கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். சில மாதம் கழித்து மீண்டும் அழைப்போம் என்ற வழக்கமான வாசகத்தைச் சொல்லி வைத்துவிட்டேன். அன்றைய கணக்கு நிறைவேறியது.

செப்டம்பர் 1 அன்று தமிழகத் திருக்கோயில்கள் திறக்கப்பட்டன. ஆனால் 65 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டிருந்தார்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆயினும் யார் அத்தனை மாதங்களாகக் கோயில் எப்போது திறக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்களோ, அவர்களுக்கு அது திறந்தும் திறவாத கதவாயிற்று. நான் மட்டும் போய் அம்மனைத் தரிசித்து வந்தேன். அத்தை குங்குமத்தை வாங்கிப் பூசையறைச் சிமிழில் போட்டுக்கொண்டார். "கூட்டமா?" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபரில் இரண்டாம் சுற்று அழைப்புகள் தொடங்கின. காவிரிக் கரை எண்ணை அழைத்தபோது மகன் எடுத்தார். அம்மா ஆகஸ்டு மாதம் காலமாகிவிட்டதாகச் சொன்னார். கொரோனா இல்லை, கிணற்றடியில் வழுக்கி விழுந்து, ஒரு வாரம் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்திருக்கிறார். இறந்த தேதி, காரணம், மருத்துவமனைச் செலவு ஆகியவற்றைக் கேட்டுப் பதிய வேண்டும். கேட்டேன். அவரும் சொன்னார். பிறகு, "நீங்கதானா அந்த மேடம்? மதுரைலேருந்து ஒரு பொண்ணு மறுபடி கூப்பிடும், போன கீழ வைக்காதன்னு சொல்லிட்டே இருந்துச்சு அம்மா" என்றார்.

ஒருவர் சொன்னதை அவர் வீட்டாரிடம்கூட வெளியிடக் கூடாது என்பது எங்களுக்கு விதி. ஆனால் அந்த அம்மாள் சொன்ன அந்த ஒன்று எந்தக் கேள்விக்கும் பதில் அன்று; எந்தக் கட்டத்திலும் நான் அதை எழுதவில்லை. சற்று நேரம் தயங்கிவிட்டுச் சொன்னேன்: "அம்மாவுக்கு ஏதோ ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது போலிருக்கிறது, ஐயா."

மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "எந்தச் சாமிக்கு?" என்று கேட்டார்.

"தெரியவில்லை. நான் கேட்கவில்லை."

"என்ன நேந்துக்கிட்டாங்க?"

அதையும் நான் கேட்டிருக்கவில்லை. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த தமக்கும் அது தெரியாதே என்றுதான் வருந்தினார். குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வைத்துவிடுகிறேன் என்றார். அதுவாகத்தான் இருக்குமா என்று என்னைக் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. தனியே இருந்து கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும் என்பது எங்கள் பணிமுறை. எங்கள் வீட்டிலோ அறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைக் கதவு. சன்னமாகக் கேட்கும். அத்தை வந்து தட்டின் எதிரே அமர்ந்தார். "அந்தக் காவேரிக்கரைக்காரி போயிட்டாளா?" என்றார். நான் தலையசைத்தேன்.

"உன்னோட கேள்வியெல்லாம் எனக்கு மனப்பாடம் தாயி. ஒவ்வொண்ணுக்கும் இங்க உக்காந்து நானும் பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளில் முதியோரை நலம் விசாரித்த நான், கதவுக்கு இப்பால் இருந்தவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. மாத்திரை எடுத்துக் கொடுப்பேன், வெந்நீர் வைப்பேன், அவ்வளவே. கை கழுவிவிட்டு வந்து, "உங்களுக்கு ஏதாவது நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறதா அத்தை?" என்றேன்.

அவர் எழுந்து சென்று, அரிசித் தவலைக்குப் பின்னாலிருந்து மஞ்சள் பையொன்றை எடுத்து வந்தார். உள்ளே ஒரு புதுப் பித்தளைச் செம்பு. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் செம்பு நிறைய நாட்டுச் சர்க்கரை இட்டு, வாய்க்கு வாழையிலை கட்டி, மேலே சூடம் ஏற்றி அவரை எதிர்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். 2019இல் எனக்கு வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. நான் பிழைத்து எழுந்தால் சர்க்கரைச் செம்பு எடுப்பதாக அன்றே வேண்டிக்கொண்டாராம். செம்பை மாசி மாதமே வாங்கி வைத்துவிட்டார். பங்குனியில் ஊர் அடைத்துவிட்டது.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீ அடுத்த வீட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்தே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அன்றிரவு அவர் பேசி முடிக்கப் பதினொரு மணிக்குமேல் ஆயிற்று. அவருடைய பதில்களை நான் எதிலும் எழுதிக்கொள்ளவில்லை.

2021ஆம் ஆண்டும் அழகர் வைகைக்கு வரவில்லை. அத்தை செம்பை வெள்ளிதோறும் புளியிட்டுத் துலக்கி வைத்தார். 2022 சித்திரையில்தான் அழகர் மீண்டும் ஆற்றில் இறங்கினார். கூட்டத்துக்குள் அத்தையை அழைத்துச் செல்லத் துணியாமல், முந்தின நாள் எதிர்சேவைக்கு மூன்றுமாவடிப் பக்கம் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு அமர்த்தினோம். பையைத் திறந்தபோது இரண்டு செம்புகள் இருந்தன.

"இன்னொன்று யாருக்கு அத்தை?"

"அவளுக்குத்தான். எந்தச் சாமின்னு தெரியலன்னா என்ன? இவருகிட்டக் குடுத்தா, சேர வேண்டிய எடத்துல சேத்துருவாரு."

காற்றில் சூடம் நிற்கவில்லை. நான் கையால் அணைபிடிக்க, அவர் மறுபடியும் ஏற்றினார்.