சித்தூர்ப் பாட்டும் திருமலைச் செப்பேடும்

திருப்பதிக்குச் சென்று வந்தோம் என்று கூறினால், தரிசனம் எத்தனை மணி நேரத்தில் கிட்டியது, லட்டு எத்தனை கொண்டு வந்தீர்கள் என்று வினவுவதே நம்மவர் வழக்கம். இவ்விரு வினாக்களுக்கும் இக்கட்டுரையில் விடை இல்லை. சென்ற விடுமுறையில் தாயகம் சென்ற நம் சங்கத்துக் குடும்பங்கள் மூன்று ஒன்றுகூடி, பலரும் கேட்டறியாத பாட்டைத் தேடுவது என்னும் ஒரே நோக்கத்துடன் சித்தூருக்கும் திருப்பதிக்கும் யாத்திரை மேற்கொண்டோம்.

இந்நோக்கம் எழுந்ததற்கு எங்கள் பிள்ளைகளே காரணர். அவர்களுக்கு ஒரு விசித்திரமான ஆர்வம் உண்டு. ஆங்கில நாட்டில் 1970களின் பிற்பகுதியில் தோன்றிய 'பங்க்', 'பவர் பாப்' என்னும் வகை இசைக்குழுக்களையும், 1979ஐ ஒட்டி முந்திய தலைமுறையின் உடையையும் ஓசையையும் மீண்டும் புனைந்துகொண்ட 'மாட்' குழுக்களையும் பற்றி ஓயாது பேசுவார்கள். அவற்றிலும் பேர்பெற்ற குழுக்கள் அவர்களுக்கு வேண்டா. ஓரிரு தட்டுகளை வெளியிட்டுவிட்டுக் கலைந்துபோன சிறு குழுக்களே வேண்டும். மான்செஸ்டர் நகரத்து 'பஸ்காக்ஸ்' என்னும் இளைஞர் குழுவினர் கடன் வாங்கிய 500 பவுனைக்கொண்டு, எந்தக் கம்பெனியின் தயவும் இன்றி, 1977 ஜனவரியில் தாமே ஒரு சிறு தட்டை ஆயிரம் பிரதிகள் வெளியிட்டார்கள். அதைக் கண்ட பிறரும் துணிந்து அவ்வாறே செய்தனராம். அத்தகைய தட்டுகளைத் தேடிப் பழைய கடைகளின் தூசியில் நம் பிள்ளைகள் சனிக்கிழமைகளைக் கழிக்கிறார்கள். ஒருநாள் அவர்களுள் ஒருத்தி, "நம்முடைய பாட்டிலும் இப்படி யாரும் கேட்காமலே விட்டவர்கள் உண்டா, அப்பா?" என்று கேட்டாள். எங்கள் சங்க விழாக்களில் பத்து ஆண்டுகளாக அதே பத்துப் பாட்டுகள் ஒலித்து வருவதை அறிந்த நாங்கள் சற்றுத் திகைத்தோம். நேரில் அழைத்துச் சென்று காட்டுவதே தக்க விடை என்று துணிந்தோம்.

காட்பாடியில் ரயில் ஏறினால் சித்தூர் வெகு தொலைவன்று. ஏறத்தாழ 35 கிலோமீட்டர். வழியெங்கும் கரடும் பாறையும், இடையிடையே மாந்தோப்புகளும் காணலாம். ஊருக்குள் வெல்ல மண்டிகளும், மாம்பழச் சாறு பிழிந்து டப்பாவில் அடைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஆலைகளும் பேர்போனவை. நாம் வாழும் நாட்டுக் கடைகளில் வாங்கும் மாம்பழச் சாற்று டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் சித்தூர்ப் பெயர் அதில் இருந்தாலும் இருக்கும். கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நடக்கின்றன. இவ்வூர் முன்னர் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராய் இருந்து, 1911இல் தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனோடு சென்றது. எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி நம் பக்கம் வந்தது. சித்தூரும் திருப்பதியும் அப்பக்கம் நின்றன. அவ்வழக்கை ஈண்டு மீண்டும் எழுப்புவது எங்கள் கருத்தன்று. எல்லைக் கல்லைப் பாட்டு ஒருபோதும் பொருட்படுத்தியதில்லை என்பதற்கு இவ்வூரே சான்றாதலின் இதைக் குறிப்பிட்டோம்.

நம் இசைவாணர் ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே சுமப்பவர். அரியக்குடி என்றதும், செம்மங்குடி என்றதும் நம்முள் பலர் அக்கணமே முழுப் பெயரையும் சொல்லிவிடுவர். சித்தூர் என்றால்? எங்கள் குழுவில் இருந்த பெரியவர்களே விழித்தார்கள். சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை 1898இல் புங்கனூரில் பிறந்தவர். (குள்ளமான பசுக்களுக்குப் பேர்போன புங்கனூர் அதுவே. பிள்ளைகள் பாட்டை விட்டுப் பசுவைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதால் அரை மணி நேரம் கழிந்தது.) அவர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடம் பயின்றார். நயினாப் பிள்ளை தாளத்தில் சிங்கம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியக்காரர் பலரை மேடை நிறைய அமர்த்தி, அத்தனை பேருக்கும் ஈடுகொடுத்துப் பல்லவி பாடுவாராம். அதனை 'புல் பெஞ்சு' கச்சேரி என்று ரசிகர்கள் அழைத்தனர். 1934இல் அவர் மறைந்தார். அவர் பாட்டின் போக்கை நாம் இன்று உணர்வது பெரிதும் மாணவர் வழியாகவே. கோலாகலம் போன்ற அரிய ராகத்தில் தியாகராஜர் செய்த கிருதியைச் சபைகளில் வழங்கச் செய்தவர் சுப்பிரமணியப் பிள்ளை. சென்னை சங்கீத வித்வத் சபை 1954இல் அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. 1975இல் அவர் காலமானார்.

இத்தனையும் புத்தகங்களில் உள்ளது. ஊரில் என்ன உள்ளது என்று காண விரும்பினோம். கடைத்தெருவில் ஒருவரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, "அவரு எந்த ஆஸ்பத்திரி டாக்டருங்க?" என்றார். மற்றொருவர் நடிகர் நாகையாவை விசாரிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டார். அதுவும் பொருத்தமே. சித்தூர் வி. நாகையா குண்டூர்ப் பக்கத்து ரேபல்லையில் பிறந்தவராயினும், சித்தூர் நாடக மேடையில் பாடி நடித்துப் பெற்ற பெயரையே இறுதிவரை சுமந்தார். தெலுங்கில் 'போதனா' (1942), 'தியாகையா' (1946) ஆகிய படங்களில் பாடகராகவும் நடிகராகவும் அவர் ஒளிர்ந்தார். தமிழில் 'அசோக்குமா'ரில் (1941) அசோகச் சக்கரவர்த்தி அவரே, எம். எஸ். சுப்புலட்சுமியின் 'மீரா'வில் (1945) ராணாவும் அவரே. ஆயினும் இன்று அவர் முகத்தை அறிந்தவர்கூட, அவர் பாட்டுக்காரர் என்பதை மறந்துவிட்டனர்.

முடிவில், வெற்றிலைக் கடை வாயிலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எங்கள் விசாரணையைக் கேட்டுச் சிரித்தார். "மதுரை சோமு பாட்டு கேட்டிருக்கீங்களா?" என்றார். கேளாமல் உண்டா! 1972இல் வந்த 'தெய்வம்' படத்தில் மருதமலை முருகன்மேல் சோமு பாடிய பாட்டு ஒலிக்காத தமிழ் வீடு எந்த நாட்டிலும் இராதே. "அதுதாங்க சித்தூர்ப் பாட்டு. சோமு எங்க ஊர்ப் பிள்ளைவாள்கிட்ட படிச்சவர்" என்று கூறிவிட்டு வெற்றிலையை மடிக்கலானார். எங்களுக்கு உடல் சிலிர்த்தது. கப்பலிலும் விமானத்திலும் நாம் கொண்டுசென்ற பாட்டில், காஞ்சிபுரத்து நயினாப் பிள்ளையின் தாளக்கட்டும் சித்தூரின் பயிற்சியும் கலந்து கிடந்திருக்கின்றன. நாம் அறியாமலே கேட்டிருக்கிறோம். பிள்ளைகள் அங்கேயே கைப்பேசியில் அப்பாட்டைப் போட்டு, இம்முறை மிருதங்கத்தைக் கவனித்துக் கேட்டார்கள்.

சித்தூரிலிருந்து பாகாலை, சந்திரகிரி வழியாகத் திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சந்திரகிரிக் கோட்டை விஜயநகர மன்னர் தங்கியிருந்து ஆண்ட இடம். அது தனிக் கட்டுரைக்கு உரியதாதலின் கடந்து செல்வோம். திருப்பதி 2022 முதல் தனி மாவட்டமாகிவிட்டது என்பதைப் பழைய விலாசம் எழுதுவோர் குறித்துக்கொள்க.

திருமலையில் நாங்கள் தேடியது ஓர் அறையை. மூலவரைத் தரிசித்து வெளிவருவோர் உண்டியலை நோக்கி விரையும் உள் பிராகாரத்தில், அவ்வுண்டியலுக்கு அண்மையில், சங்கீர்த்தன பண்டாரம் எனப்படும் சிறு கல்லறை ஒன்று உள்ளது. கூட்டம் தள்ளிக்கொண்டு போவதால் நூற்றுக்கு ஒருவர்கூட அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ராஜம்பேட்டைக்கு அருகிலுள்ள தாளப்பாக்கத்தில் 1408இல் பிறந்த அன்னமாச்சாரியார், பதினாறாம் வயது முதல் 1503இல் மறையும்வரை வேங்கடவன்மேல் தெலுங்கிலும் வடமொழியிலும் பாடிக்கொண்டே இருந்தவர். 32,000 பாட்டுகள் என்பது அவர் பேரர் எழுதிய வரலாறு கூறும் கணக்கு. அவர் மகன் திருமலாச்சாரியார் அவற்றைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தார். பாட்டனும் தந்தையும் பேரனும் பாடியவை அவ்வறையில் சேர்ந்தன. பின்னர்க் காலம் மாறியது. அறை மூடிக் கிடந்தது.

அச்செப்பேடுகள் இருப்பதை எவரும் அறியவில்லை என்று எண்ணுதல் தவறு. கம்பெனி அதிகாரியான காம்பெல் என்னும் ஆங்கிலேயர் 1816இல் தெலுங்கு இலக்கண நூல் ஒன்று வெளியிட்டார். திருப்பதி மலைக்கோயிலில் ஆயிரக்கணக்கான செப்பேடுகள் உள என்று கேள்வியுற்று, அவற்றைப் பார்த்துவர ஆள் அனுப்பியதாக அந்நூலில் எழுதியிருக்கிறார். அவருக்கு வேண்டியது பழைய இலக்கணம். ஓர் இலக்கண நூல் மட்டும் கிடைத்ததாம். அதைப் படியெடுத்துக்கொண்டு, எஞ்சியவை யாவும் தெய்வத்தைப் புகழும் நீண்ட துதிகளே என்று ஒதுக்கிவிட்டார். தென்னாட்டு இசையின் பெரும் புதையலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்த பெருமை அவருடையது! மீண்டும் அவை வெளிச்சத்திற்கு வர நூறாண்டு ஆயிற்று. 1922ஐ ஒட்டிக் கோயில் சாசனங்களை ஆராய்ந்த சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் இவற்றின் அருமையை உணர்ந்தார். வேட்டூரி பிரபாகர சாஸ்திரியார் (1888–1950), பேரர் சின்னண்ணா இயற்றிய அன்னமாச்சாரியார் சரித்திரத்தைக் கண்டெடுத்து அச்சேற்றினார். ஈராயிரத்திற்கும் மேற்பட்ட ஏடுகளில் பன்னீராயிரம் அளவிலான பாட்டுகள் கிடைத்தன. எஞ்சியவை எங்கே போயினவோ, வேங்கடவனே அறிவான்.

திருமலை அருங்காட்சியகத்தில் அவ்வேடுகளைக் காணலாம். செம்பின்மேல் நெருக்கமாகத் தெலுங்கு எழுத்துக்கள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகத்தின் பெயர் உண்டு. சுவரக் குறிப்பு இல்லை. அதாவது, சொல் முழுவதும் நின்றது, மெட்டு போயிற்று. அமரசிந்து, கொண்டமலஹரி என்றெல்லாம் பெயர் பொறித்திருக்கிறது. அந்த ராகம் எவ்வாறு ஒலித்தது என்று கூறுவார் இலர். இன்று நாம் கேட்கும் அன்னமாச்சாரியார் பாட்டுகளின் மெட்டுகள் நம் காலத்தவர் அமைத்தவையே என்பதை அங்கு நின்றபோதுதான் எங்கள் வீட்டுப் பெண்மணிகள் உணர்ந்தனர். மைசூரில் ஆசிரியராக இருந்து பின்னர்த் திருப்பதி வந்த ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா (1893–1979) நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளுக்கு மெட்டமைத்துச் சுவரப்படுத்தினார். தேவஸ்தானம் 1978இல் அன்னமாச்சாரியார் திட்டத்தைத் தொடங்கிற்று. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எம். எஸ். சுப்புலட்சுமியின் ஐந்து இசைத்தட்டுகள் வந்தன. திருப்பதியில் அவருக்குச் சிலை இருப்பது பலரும் அறிந்ததே. ஆயின் அத்திட்டத்தில் ஆண்டுக்கணக்காக உழைத்துப் பல நூறு பாட்டுகளுக்கு மெட்டமைத்த கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் 2025 மார்ச்சில் மறைந்தபோது, நம் இல்லங்களில் எத்தனை பேர் அப்பெயரை அறிந்திருந்தோம்?

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே எங்களுள் ஒரு மூதாட்டி நெடுநேரம் நின்றிருந்தார். அவர் தாயார் பாடிய தாலாட்டும் நலங்குப் பாட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. புத்தகம் பத்திரமாக இருக்கிறது. பாதிப் பாட்டுகளுக்கு மெட்டு அவருக்கே நினைவில்லை. மகளுக்கு ஒன்றும் தெரியாது. "செம்பில் எழுதினாலும் காகிதத்தில் எழுதினாலும் இதே கதிதான் போலிருக்கிறது" என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை.

ஆயினும் மலையில் அறுபடாத இழை ஒன்றும் உண்டு. இரவில் நடை சார்த்துமுன் நிகழும் ஏகாந்த சேவையில் அன்னமாச்சாரியாரின் தாலாட்டை அவர் வழிவந்த குடும்பத்தார் பாடி வருகிறார்கள். தரிகொண்டா வேங்கமாம்பா (1730–1817) என்னும் கவியரசியின் பெயரால் முத்துக்களிட்ட ஆரத்தியும் அப்போது நடைபெறுகிறது. பால்ய விதவையாய் ஊராரின் ஏச்சுக்கு ஆளாகி மலையேறியவர் அவ்வம்மையார். அவருடைய ஆரத்தியின்றி இன்றும் பெருமாளுக்கு உறக்கம் இல்லை. மார்கழித் திங்களில் வைகறைச் சுப்ரபாதத்திற்கு மாற்றாக நம் ஆண்டாளின் திருப்பாவை ஒலிப்பதையும் சேர்த்து எண்ணினால், துயிலெழுப்பத் தமிழும் துயில்விக்கத் தெலுங்கும் அங்கே முறை வைத்துக்கொண்டிருப்பது போல் தோன்றும்.

மாலையில் கோயிலுக்கு எதிரே நாத நீராஜன மேடையில் கச்சேரி நடக்கும். திருமலைக்குச் செல்லும் அன்பர்கள் இதைத் தவற விடலாகாது. கட்டணம் இல்லை, தரையில் அமர்ந்து கேட்கலாம். நாங்கள் சென்ற மாலை, ஒரே நிறச் சேலையில் பன்னிரண்டு பெண்கள் மேடை ஏறினார்கள். சுருதி முதலில் சற்று இறங்கியே இருந்தது. மூன்றாம் பாட்டு அன்னமாச்சாரியாருடையது என்று அறிவித்தார்கள். எங்களுள் தெலுங்கு அறிந்தவரும் அதை முன்பு கேட்டதில்லை. முடிந்து இறங்கி வந்தவர்களிடம் எங்கள் சிறுமி நேரே சென்று, அந்த மெட்டு யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர்களுள் ஒருவர் தமிழும் அறிந்திருந்தார். "எங்க டீச்சரம்மா போட்டது கண்ணு. இதோ நிக்கிறாங்களே" என்று, செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஓர் அம்மையாரைக் காட்டினார். அந்த அம்மையார் மிக்க கூச்சத்துடன் இரண்டு அடிகளைத் தாழ்ந்த குரலில் மீண்டும் பாடிக் காட்டினார். சிறுமி தன் கைப்பேசியில் பதிந்துகொண்டாள். அடுத்த குழுவினர் மேடையில் சுருதி சேர்க்கத் தொடங்கிவிட்டமையால், எங்களைச் சற்றுத் தள்ளி நிற்குமாறு ஊழியர் பணித்தார்.